பிரெஞ்சின் முன்னிறந்தகாலமும் தமிழின் ‘இருந்தான்’ வடிவமும்: திண்டுக்கல் மாணவரை முன்வைத்து ஓர் ஆய்வு

கடந்துபோன ஒரு செயலுக்கும் முன்னதாகவே முடிந்துவிட்ட மற்றொரு செயலைக் குறிக்கப் பிரெஞ்சு மொழியில் தனி வினைவடிவம் ஒன்று உண்டு. பிரெஞ்சு இலக்கண நூல்கள் அதனை ‘ப்ளுஸ்-க-பார்ஃபே’ என்று வழங்குகின்றன. இக்கட்டுரையில் அது முன்னிறந்தகாலம் எனப்படும். தமிழ்நாட்டில் பிரெஞ்சு பயிலும் மாணவர்க்கு இவ்வடிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் ‘ஹேட்’ அமைப்பை எடுத்துக்காட்டியே கற்பிக்கப்படுகிறது. ஆனால் தமிழிலேயே ‘வந்திருந்தான்’, ‘விற்றிருந்தார்’ என இதற்கு இணையான வடிவம் அன்றாடப் பேச்சில் வழங்கிவருகையில், ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிச் செல்வது தேவையா, தமிழ் வடிவத்தை நேரடியாகவே துணைக்கொள்ள முடியுமா, அப்படிக் கொண்டால் எங்கெங்கு அது கைகொடுக்கும், எங்கெங்கு வழிதவறச் செய்யும் என்பவை ஆராயத்தக்க கேள்விகளாகும்.

திண்டுக்கல்லும் பிரெஞ்சும்

திண்டுக்கல் வட்டாரத்திற்குப் பிரெஞ்சு மொழி முற்றிலும் அயலானதன்று. மைசூர் அரசின் சார்பில் 1755-இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக (படைத்தலைமை ஆளுநராக)ப் பொறுப்பேற்ற ஹைதர் அலி, இங்குப் பீரங்கிப் படையும் படைக்கலச் சாலையும் அமைக்கப் பிரெஞ்சுத் தொழில்வல்லாரைத் துணைக்கொண்டார் என்பது வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை மறைப்பணித்தளம் மீண்டும் உயிர்பெற்றபோது, 1838 முதல் இப்பகுதிகளுக்கு வந்த இயேசு சபைத் துறவியருள் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர். இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் மலைப்பகுதியான செண்பகனூரில் 1895-இல் அவர்கள் நிறுவிய திருஇருதயக் கல்லூரி அத்தொடர்பின் எச்சமாக நிற்கிறது. எனினும் இத்தொடர்புகள் எவையும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நிகழ்ந்ததுபோலப் பிரெஞ்சை ஊர்ப்பேச்சில் கலக்கவில்லை.

இன்று சமவெளியில் பிரெஞ்சு தழைப்பது வகுப்பறையில்தான். மேல்நிலை வகுப்புகளிலும் கல்லூரிப் பட்டப்படிப்பிலும் முதற்பாட மொழியாகத் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சைத் தேர்ந்துகொள்ள வழியிருப்பதாலும், அதில் மதிப்பெண் எடுப்பது எளிது என்ற எண்ணம் பெற்றோரிடையே பரவியிருப்பதாலும், வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கில வழியில் பயிலும் மாணவர் மூன்றாவது மொழியாகப் பிரெஞ்சை எதிர்கொள்கின்றனர். அவர்களுக்குக் கிடைக்கும் இலக்கண விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால், பிரெஞ்சு வடிவத்திற்கும் தாய்மொழி வடிவத்திற்கும் உள்ள உறவு அவர்கள் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

பிரெஞ்சு வடிவத்தின் அமைப்பு

முன்னிறந்தகாலம் இரண்டு உறுப்புகளால் ஆனது. முதல் உறுப்பு துணைவினை. அது ‘உடைமை’ப் பொருளுடைய ‘அவ்வார்’ அல்லது ‘இருத்தல்’ பொருளுடைய ‘எத்ர்’ என்னும் வினையாகும். அத்துணைவினை ‘ஆம்பார்ஃபே’ எனப்படும் தொடர் இறந்தகாலத்தில், அதாவது கடந்த காலத்தில் நீடித்திருந்த நிலையைக் காட்டும் காலத்தில் வரும். இரண்டாம் உறுப்பு முதன்மை வினையின் இறந்தகால எச்சம். ‘பார்லே’ (பேசு) என்பதன் எச்சம் ‘பார்லே’ என்றே ஒலிக்கும். ‘ஃபினிர்’ (முடி) ‘ஃபினி’ ஆகும். ‘வாந்த்ர்’ (விற்றல்) ‘வாந்த்யு’ ஆகும். ‘ஊவ்ரிர்’ (திற) விதிக்கு அடங்காமல் ‘ஊவேர்’ ஆகும்.

விற்றலைக் குறிக்கும் வினையை எடுத்துக்கொண்டால், தன்மை ஒருமையில் ‘ஜாவே வாந்த்யு’ (நான் விற்றிருந்தேன்), முன்னிலை ஒருமையில் ‘த்யு அவே வாந்த்யு’, படர்க்கை ஒருமையில் ‘இல் அவே வாந்த்யு’, தன்மைப் பன்மையில் ‘நூஸ் அவியோன் வாந்த்யு’, முன்னிலைப் பன்மையில் ‘வூஸ் அவியே வாந்த்யு’, படர்க்கைப் பன்மையில் ‘இல்ஸ் அவே வாந்த்யு’ என அமையும். இந்த ஆறு வடிவங்களுள் நான்கில் துணைவினை ஒரே ஒலியாக ‘அவே’ என்றே கேட்கிறது. எழுத்தில் மட்டுமே ஈறுகள் வேறுபடுகின்றன. படர்க்கை ஒருமையும் பன்மையும் செவியில் வேறுபடுவது, பன்மைப் பெயரின் ஈற்றிலிருந்து உயிரோடு இணைந்து ஒலிக்கும் ‘ஸ்’ ஒலியால்தான். தமிழில் ‘விற்றிருந்தேன், விற்றிருந்தாய், விற்றிருந்தான்’ என ஈறே எழுவாயைக் காட்டிவிடுவதால் ‘நான்’, ‘நீ’ என்பவற்றை விட்டுவிடலாம். பிரெஞ்சில் அவ்வாறு விட்டுவிட்டால் யார் விற்றார் என்பது தெரியாது. தமிழ் மாணவர் பிரெஞ்சு வாக்கியத்தில் எழுவாயை விட்டுவிடும் பிழைக்கு வேர் இதுவே.

இரு மொழிகளிலும் கூட்டு வடிவம்

பிரெஞ்சு தோன்றிய இலத்தீனில் முன்னிறந்தகாலம் ஒரே சொல்லாக, வினையடியோடு ஈறுகள் சேர்ந்து அமைந்திருந்தது. ‘செய்ததாக வைத்திருக்கிறேன்’ என்ற வகையிலான ‘உடைமை’த் தொடர்கள் பேச்சிலத்தீனில் பெருகப் பெருக, அவையே இறுகி இன்றைய கூட்டுக்காலங்களாயின. பழைய ஒற்றைச்சொல் வடிவம் உடனே மறைந்துவிடவில்லை. ஏறத்தாழ 880-இல் எழுந்த, பிரெஞ்சின் மிகப் பழைய இலக்கியமான புனித யூலாலியா பாடலில் அதன் எச்சங்கள் உள்ளன. ஆயினும் அங்கே அவை முன்னிறந்தகாலப் பொருளை இழந்து வெறும் இறந்தகாலமாகவே நிற்கின்றன. போர்த்துக்கீசிய எழுத்துநடையில் அந்த ஒற்றைச்சொல் வடிவம் பழைய பொருளோடு இன்றளவும் பிழைத்திருக்கிறது.

தமிழிலும் இவ்வடிவம் கூட்டுவடிவமே. தொல்காப்பியமும் பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நன்னூலும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்று காலங்களையே வகுத்தன. ‘வந்திருந்தான்’ என்பதை நான்காவது காலமாக எண்ணவில்லை. அவ்வாறு எண்ணாததற்குக் காரணமும் உண்டு. ‘வந்து’ என்னும் வினையெச்சமும் ‘இருந்தான்’ என்னும் இறந்தகால வினைமுற்றும் சேர்ந்த தொடர் அது. காலம் ‘இருந்தான்’ என்பதிலேயே உள்ளது. இக்கால மொழியியலார் இத்தகைய துணைவினைகள் காட்டுவதைக் காலம் என்னாமல் ‘வினைநோக்கு’ என்பர். செயல் முடிந்ததா, தொடர்கிறதா, அதன் விளைவு நிற்கிறதா என்பதைக் காட்டும் இலக்கணக் கூறு அது. இ. அண்ணாமலை 1985-இல் வெளியிட்ட தமிழ்த் துணைவினை பற்றிய நூலும், தாமஸ் லேமன் 1989-இல் வெளியிட்ட இக்காலத் தமிழ் இலக்கணமும் இத்திசையில் குறிப்பிடத்தக்கவை. ஆக, இரண்டு மொழிகளுமே இறந்தகாலத் துணைவினையையும் முடிந்த செயலைக் காட்டும் எச்சத்தையும் இணைத்தே இப்பொருளைச் சொல்கின்றன. பிரெஞ்சில் துணைவினை முன்னும் தமிழில் பின்னும் நிற்பதே அமைப்பில் முதலில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு.

ஐரோப்பிய மொழிகளையும் தமிழையும் அருகருகே வைத்து நோக்கியவர்கள் முதலில் மறைப்பணியாளர்களே. வீரமாமுனிவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் இலத்தீனில் அச்சாயிற்று; ஐரோப்பியர் தமிழின் பேச்சுவழக்கைக் கற்க அது வழிகாட்டியது. புதுச்சேரி மறைப்பணி அச்சகத்திலிருந்து 1846-இல் இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதியும், 1855, 1862 ஆண்டுகளில் துபுயி, முசே ஆகிய இரு பாதிரியார் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதியின் இரு தொகுதிகளும் வெளிவந்தன. காரைக்காலில் வளர்ந்து பாரீசில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய ஜூலியன் வின்சோன் 1903-இல் தமிழ்மொழிக் கையேட்டை வெளியிட்டார். இவற்றின் நோக்கம் பெரிதும் பிரெஞ்சுக்காரருக்குத் தமிழைக் கற்பிப்பதே. தமிழருக்குப் பிரெஞ்சைத் தமிழ்வழியில் கற்பிக்கும் முயற்சி அந்த அளவுக்கு வேரூன்றவில்லை.

கைகொடுக்கும் இடங்கள்

ஹான்ஸ் ரைக்கன்பாக் என்ற தத்துவவியலார் 1947-இல் வெளியிட்ட நூலில் வினைக்காலங்களை மூன்று புள்ளிகளைக் கொண்டு விளக்கினார்: பேசும் நேரம், செயல் நிகழ்ந்த நேரம், பேசுபவர் எந்த நேரத்தில் நின்று நோக்குகிறாரோ அந்த நோக்குநேரம். முன்னிறந்தகாலத்தில் செயல் முதலிலும், நோக்குநேரம் அதன் பின்னும், பேசும் நேரம் கடைசியிலும் அமையும். திண்டுக்கல் பூச்சந்தையில் நிகழக்கூடிய ஒன்றைச் சான்றாகக் கொண்டால், ‘வெளியூர் வியாபாரி வந்து சேர்ந்தபோது மல்லிகை முழுவதும் விற்றுப்போயிருந்தது’ என்ற வாக்கியத்தில் வியாபாரி வந்த நேரமே நோக்குநேரம். விற்பனை அதற்கு முன்னதாகவே முடிந்துவிட்டது. பிரெஞ்சும் இதே இடத்தில் இதே காலத்தைத்தான் கேட்கிறது. இத்தகைய வாக்கியங்களில் ‘இருந்தது’ என்பதைப் பிரெஞ்சுத் துணைவினைக்கு நேராக வைத்துவிட்டால் மாணவர்க்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

நிபந்தனை வாக்கியங்களில் இவ்வொற்றுமை இன்னும் நெருக்கமானது. ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்னும் வாக்கியத்தில் இரு பகுதிகளிலும் ‘இரு’ துணைவினையே வருகிறது. முதற்பகுதியில் அது இறந்தகால அடியோடும் இரண்டாம் பகுதியில் எதிர்கால ஈற்றோடும் நிற்கிறது. பிரெஞ்சிலும் ‘எனில்’ என்னும் பொருள் தரும் ‘ஸி’ என்ற சொல்லை அடுத்து முன்னிறந்தகாலமும், முடிவுப் பகுதியில் துணைவினையின் நிபந்தனை வடிவமும் வரவேண்டும். ‘ஸி’யை அடுத்தும் நிபந்தனை வடிவத்தையே வைத்துவிடுவது பிரெஞ்சுக் குழந்தைகளே செய்யும் பெயர்பெற்ற பிழை. தமிழ் மாணவர்க்கு அப்பிழை நேரக் காரணமில்லை. ஏனெனில் ‘தெரிந்திருப்பால்’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. ‘ஆல்’ ஈறு இறந்தகால அடியையே நாடும் என்பதை நினைவூட்டினாலே பிரெஞ்சு விதி தானாக வந்துசேரும்.

பணிவைக் காட்டும் வழக்கிலும் இரு மொழிகளும் ஒன்றுபடுகின்றன. ‘ஒரு விஷயம் கேட்கலாம் என்று வந்திருந்தேன்’ என்று தயக்கத்தோடு தொடங்குபவர், நேராக நிற்கும் தன் வேண்டுகோளைக் கடந்த காலத்துக்குத் தள்ளி மென்மையாக்குகிறார். பிரெஞ்சும் இதே பணிவுக்கு இதே காலத்தைப் பயன்படுத்துகிறது.

துணைவினைத் தேர்வும் தமிழின் வினைப் பகுப்பும்

பிரெஞ்சு பயிலும் எவருக்கும் இடர் தரும் பகுதி, எந்த வினை ‘அவ்வார்’ துணையை ஏற்கும், எது ‘எத்ர்’ துணையை ஏற்கும் என்பதே. பெரும்பாலான வினைகள் ‘அவ்வார்’ ஏற்பன. வருதல், போதல், புறப்படுதல், நுழைதல், ஏறுதல், இறங்குதல், விழுதல், பிறத்தல், இறத்தல் முதலான ஒரு சிறு தொகுதியும், செயல் செய்பவரையே திரும்பச் சாரும் தற்சுட்டு வினைகளும் மட்டும் ‘எத்ர்’ ஏற்பன. பாடநூல்கள் இதனை ஒரு பட்டியலாகத் தந்து மனப்பாடம் செய்யச் சொல்கின்றன.

இங்குத் தமிழின் வினைப் பகுப்பு எதிர்பாராத வகையில் உதவுகிறது. ஏறு–ஏற்று, இறங்கு–இறக்கு எனத் தமிழ் வினைகள் இணைகளாக நிற்பதைப் பள்ளி இலக்கணம் தன்வினை, பிறவினை என்று கூறும். இக்கால மொழியியலார் இயங்குவினை, இயக்குவினை என்பர். பிரெஞ்சில் ‘தெஸாந்த்ர்’ என்ற ஒரே வினை ‘இறங்கு’, ‘இறக்கு’ ஆகிய இரு பொருளிலும் வருகிறது; இவற்றை வேறுபடுத்துவது துணைவினையே. திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் சரக்கு லாரி ஒன்று வந்து நின்றதாகக் கொள்வோம். ‘ஓட்டுநர் லாரியிலிருந்து இறங்கியிருந்தார்’ என்பதற்கு ‘இல் எத்தே தெஸாந்த்யு’ என்று ‘எத்ர்’ வரவேண்டும். ‘சுமைதூக்குவோர் மூட்டைகளை இறக்கியிருந்தார்கள்’ என்பதற்கு ‘இல்ஸ் அவே தெஸாந்த்யு’ என்று ‘அவ்வார்’ வரவேண்டும். ‘மோந்தே’ என்னும் வினைக்கு ‘ஏறியிருந்தார்’, ‘ஏற்றியிருந்தார்கள்’ என இதே பகுப்பு அப்படியே பொருந்தும். தமிழில் ‘ங்க’ வந்தால் ‘எத்ர்’, ‘க்க’ வந்தால் ‘அவ்வார்’ என்று இறங்கு–இறக்கு இணையில் நினைவில் கொள்ளும் மாணவர்க்கு, ஆங்கில விளக்கம் தராத தெளிவு கிடைக்கிறது.

இதற்கு எல்லையும் உண்டு. தமிழில் செயப்படுபொருள் குன்றிய வினைகள் யாவும் பிரெஞ்சில் ‘எத்ர்’ ஏற்பதில்லை. ‘ஓடியிருந்தான்’, ‘நடந்திருந்தான்’, ‘தூங்கியிருந்தான்’ ஆகியவற்றுக்குப் பிரெஞ்சு ‘அவ்வார்’ கேட்கிறது. பட்டியலை மனப்பாடம் செய்வதிலிருந்து முழு விடுதலை இல்லை. பட்டியலிலுள்ள வினைகள் செயப்படுபொருளை ஏற்கும்போது மாறும் விதியை மட்டுமே தமிழ் எளிதாக்குகிறது.

வழிதவறச் செய்யும் இடங்கள்

முதலாவது, தமிழில் இவ்வடிவம் தனித்தும் நிற்கும். ‘நேற்று மாமா வந்திருந்தார்’ என்று சொல்லும்போது அதனோடு ஒப்பிடத்தக்க வேறு எந்தக் கடந்த நிகழ்வும் குறிப்பில் இல்லை. மாமா வந்தார், சிறிது நேரம் இருந்தார், இப்போது இங்கு இல்லை என்பதே பொருள். அவர் இன்னும் வீட்டிலிருந்தால் ‘வந்திருக்கிறார்’ என்றே சொல்வர். பிரெஞ்சில் இவ்விரு இடங்களிலும் சாதாரணக் கூட்டு இறந்தகாலமே போதும். நோக்குநேரமாக வேறொரு நிகழ்வு இல்லாத இடத்தில் முன்னிறந்தகாலத்தை வைத்தால், கேட்பவர் ‘அதற்குப் பிறகு என்ன நடந்தது’ என்று காத்திருப்பார். இந்திய ஆங்கிலத்தில் ‘ஹேட்’ தேவையின்றி மிகுந்து வருவதாகச் சுட்டப்படும் வழக்கிற்கும் தமிழின் இப்பழக்கம் துணைசெய்கிறது எனக் கருத இடமுண்டு. அவ்வழக்கு பிரெஞ்சு வகுப்புக்கும் தொடர்ந்து வருகிறது.

இரண்டாவது, எதிர்மறை. ‘வந்திருக்கிறான்’, ‘வந்திருந்தான்’ என உடன்பாட்டில் தெளிவாகப் பிரியும் இரு வடிவங்கள், எதிர்மறையில் ‘வந்திருக்கவில்லை’ என்ற ஒன்றாகவே ஒடுங்கிவிடுகின்றன. ‘அப்போது இன்னும்’ போன்ற சொற்களே காலத்தை உணர்த்துகின்றன. பிரெஞ்சு எதிர்மறையிலும் துணைவினையின் காலத்தைக் காட்டியே தீரும். எதிர்மறை வாக்கியத்தைப் பிரெஞ்சில் எழுதுமுன் அதனை உடன்பாடாக மாற்றி, ‘இருக்கிறான்’ வருமா ‘இருந்தான்’ வருமா என்று பார்த்துக்கொள்வது எளிய சோதனையாகும்.

மூன்றாவது, பிறர் கூற்று. ‘வீட்டை விற்றுவிட்டேன் என்று சொன்னார்’ எனத் தமிழ், சொன்னவரின் வாயிலிருந்து வந்த காலத்தையே ‘என்று’ என்னும் இடைச்சொல்லால் காத்துக்கொள்கிறது. பிரெஞ்சில் ‘சொன்னார்’ என்பது இறந்தகாலமானால், அதற்கு முன் நிகழ்ந்த விற்பனை முன்னிறந்தகாலத்துக்கு நகர்ந்தாக வேண்டும். இங்குத் தமிழ் ‘இருந்தார்’ வடிவத்தைத் தராததால் மாணவரும் அதனை நாடுவதில்லை. ஆங்கில ஒப்பீடு உண்மையில் பயன்படும் இடம் இது.

நான்காவது, வட்டார வழக்கு. மதுரை, திண்டுக்கல் சமவெளிப் பேச்சில் ‘போய்விட்டது’ என்பது ‘போயிருச்சு’ என்றும், ‘போய்விடுவார்’ என்பது ‘போயிருவாரு’ என்றும் ஒலிக்கும். ‘விடு’ என்னும் துணைவினை இங்கு ‘இரு’ போலவே கேட்கிறது. ‘நான் வர்றதுக்குள்ள பஸ் போயிருச்சு’ என்பதில் இருப்பது ‘விடு’. ‘நான் வந்தப்ப பஸ் போயிருந்துச்சு’ என்பதில் இருப்பதே ‘இரு’. முதல் வாக்கியத்துக்கும் பிரெஞ்சில் முன்னிறந்தகாலம் வரக்கூடும் என்றாலும், எல்லா ‘போயிருச்சு’க்களும் அவ்வாறு ஆவதில்லை. ‘ந்து’ என்னும் இறந்தகால அசை உள்ளதா என்று கவனிக்கச் சொல்வதே இவ்வட்டார மாணவர்க்கு ஏற்ற வழி.

ஐந்தாவது, நிலையும் செயலும். ‘கடை திறந்திருந்தது’ என்பது கடை திறந்த நிலையில் இருந்ததைக் காட்டும். ‘முதலாளி கடையைத் திறந்திருந்தார்’ என்பதே முன்னிறந்தகாலச் செயல். பிரெஞ்சில் முன்னது ‘எத்ர்’ வினையோடு பெயரடை சேர்ந்த சாதாரண வாக்கியம். பின்னது ‘அவ்வார்’ ஏற்ற முன்னிறந்தகாலம்.

இயைபு விதியும் அதன் தளர்ச்சியும்

தமிழில் எவ்விதத் துணையும் கிட்டாத மற்றொரு பகுதி, எச்சத்தின் பால், எண் இயைபு. ‘எத்ர்’ துணை வரும்போது எச்சம் எழுவாயோடு இயையும். ‘அவ்வார்’ வரும்போது, செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்தால் மட்டும் அதனோடு இயையும். ‘அவர் திறந்திருந்த பூட்டு’ என்பதைப் பிரெஞ்சில் சொல்லும்போது பூட்டு பெண்பாற்சொல்லாகையால் ‘ஊவேர்’ என்பது ‘ஊவேர்த்’ என மாறி, அம்மாற்றம் காதிலும் விழும். ‘வாந்த்யு’ போன்றவற்றில் அது எழுத்தில் மட்டுமே தெரியும். இத்தாலிய வழக்கைப் பின்பற்றி இவ்விதியைப் பதினாறாம் நூற்றாண்டில் பரிந்துரைத்தவர் கவிஞர் கிளெமான் மாரோ. பிரெஞ்சு அரசே 1901-லும் 1976-லும் தேர்வுகளில் இவ்விதியைத் தளர்த்த ஆணை பிறப்பித்தது. 2018-இல் பெல்ஜியத்தில் இரு ஆசிரியர்கள் ‘அவ்வார்’ உடன் வரும் எச்சத்தை மாறாமலே விடலாம் என்று முன்வைத்த கருத்து பெரும் விவாதமாயிற்று. பிரெஞ்சுக்காரரே ஐயுறும் இவ்விதிக்காகத் தொடக்கநிலை மாணவரின் மதிப்பெண்ணைப் பெருமளவு குறைப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை.

முடிவு

மேற்கண்டவற்றால் பெறப்படுவது இது. முன்னிறந்தகாலத்தின் பொருளையும் நிபந்தனை வாக்கியத்தையும் ஏறு–ஏற்று வகை இணைகளின் துணைவினைத் தேர்வையும் கற்பிக்கத் தமிழே சிறந்த கருவி. பிறர் கூற்றைக் கற்பிக்க ஆங்கிலம் உதவும். இயைபு விதிக்குப் பிரெஞ்சையே நேரடியாக நாடவேண்டும். தனித்து நிற்கும் ‘வந்திருந்தார்’, எதிர்மறையில் ஒடுங்கும் ‘வந்திருக்கவில்லை’, வட்டாரத்தின் ‘போயிருச்சு’ ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே எச்சரிக்கையாகச் சுட்டிவிட வேண்டும். தமிழ்நாட்டில் பிரெஞ்சுப் பாடநூல் எழுதுவோரும் ஆசிரியரும் இவ்வடிவத்துக்கென ஒதுக்கும் பாடத்தில், ஆங்கில வாக்கியங்களுக்கு அருகில் தமிழ் வாக்கியங்களையும் ஒரு வரிசையாக அச்சிட்டுத் தருதல் வேண்டும். கூடுதல் செலவு ஏதுமின்றி உடனே செய்யத்தக்க சீர்திருத்தம் அதுவே.